சாவி கொடுக்கக் காரணம்

மார்ச் 1, ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். மாசியே முடியவில்லை, அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. என் டிரெய்லர் வண்டி மாதவரம் யார்டில். எனக்கு லீவு. வீட்டிலேயே உட்கார்ந்து பழக்கமில்லாததால், போகிற பக்கமெல்லாம் நான் குறுக்கே நிற்பதாக மனைவி வளர்மதி புகார்.

செய்தவை: ஃபேன் துடைத்தது. சிலிண்டர் மாற்றியது. முடி வெட்டப் போய், கூட்டம் பார்த்துத் திரும்பியது.

ஃப்ரிட்ஜ் கதவில் யசோ ஒட்டிய பேப்பரை இன்றுதான் முழுதாகப் படித்தேன். மகள் யசோதரா. பி.ஏ. சமூகவியல், மூன்றாம் வருடம். இந்தப் படிப்புக்கு எங்கெங்கே என்னென்ன பரிசு, உதவித்தொகை, பதக்கம் என்று அவளே தேடி எழுதி வைத்தது. பக்கத்திலேயே அவள் குறிப்பு.

முதல் பட்டதாரி சலுகை: வந்தாச்சு.
துறைத் தங்கப் பதக்கம்: மார்க் போதாது.
அகில இந்தியக் கட்டுரைப் போட்டி: இங்கிலீஷில் மட்டும். யோசிக்கணும்.
மாநாட்டுக்குப் பயணப்படி: கேட்டேன், பதில் இல்லை.
சிறந்த கள ஆய்வுப் பரிசு: !!!

சமூகவியலுக்கு இத்தனை பேர் பரிசு வைத்துக் காத்திருக்கிறார்களா? மூன்று வருடமாக, அது என்ன படிப்பு என்று கேட்பவர்களிடம் ஏதோ ஒன்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று ஆச்சரியக்குறிக்கு அர்த்தம் இருக்கிறது. அந்தப் பரிசு வாங்கினால் எம்.ஏ. முடிகிற வரை ஃபீஸ் அவர்கள் பொறுப்பு. இந்தக் கோடையில் வடக்கே ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் பெரிய பெரிய பேராசிரியர்களோடு உட்கார்ந்து வேலை. கிடைக்காவிட்டால் அம்பத்தூரில் ஒரு கம்பெனி, ஜூனில் சேர வேண்டும், பேசி வைத்துவிட்டாள். மேலே படிக்க வைக்க என்னால் முடியாது என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் ஆய்வு செய்தது எங்களைத்தான். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற டிரெய்லர் லைனை. லீவு நாளில் என் வண்டியில் ஏறிக்கொள்வாள், மடக்கு ஸ்டூலோடு இறங்கி டிரைவர்களிடம் பேச ஆரம்பித்துவிடுவாள். பொழுது போகாமல் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அத்தியாயம் படித்துக் காட்டினாள். "சாவி கொடுத்தல்" என்று தலைப்பு. லைன் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகரும்போது வண்டியில் ஆள் இல்லையென்றால் பின்னாலிருப்பவன் புகுந்துவிடுவான், இடம் போச்சு. அதனால் அவசரம் என்றால் பக்கத்து வண்டிக்காரனிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவோம். அவன் தன் வண்டியை நகர்த்தி, இறங்கி நடந்து வந்து நம் வண்டியையும் நகர்த்துவான். முதலாளிக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். இருந்தும் சாவி நீட்டினால் யாரும் வாங்க மறுத்ததில்லை. காரணம் மூன்று மட்டும்: சாவு, ஆஸ்பத்திரி, பிரசவம். சாவு என்றால் சாவி வாங்கியவன் தன் தோள்துண்டை அந்த வண்டியின் பக்கக் கண்ணாடியில் கட்டுவான். துண்டு கட்டிய வண்டிக்கு முன்னால் யாரும் புக மாட்டார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போது பாட்டைக் குறைப்பார்கள்.

எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். எத்தனை தடவை நானே துண்டு கட்டியிருக்கிறேன். ஆனால் அவள் படிக்கப் படிக்க, யாரோ பெரிய மனிதர்களைப் பற்றிக் கேட்பதுபோல வாய் திறந்து உட்கார்ந்திருந்தேன். சட்டமில்லாமல், தலைவன் இல்லாமல், முன்பின் தெரியாதவர்கள் காப்பாற்றும் ஒழுங்கு என்று எழுதியிருக்கிறாள். நாங்களா?

அத்தியாயத்தின் கடைசி வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். "நான் பார்த்த காலத்தில் பொய்யான துக்கத்தைச் சொல்லி ஒருவர்கூடச் சாவி கொடுத்ததில்லை." மொத்த ஆய்வும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது என்றாள்.

வியாழக்கிழமை நடுவர்கள் முன்னால் பேச வேண்டும். தமிழிலேயே பேசலாமாம். வீட்டு ஆட்களும் வரலாமாம். வருவாயா என்று கேட்டாள். வராமல் எங்கே போவேன் என்றேன்.

மார்ச் 3, செவ்வாய்

யார்டில் லோடு ஏற்ற ரொம்ப நேரம். எர்ணாவூர் தாண்டி லைனில் சேர்ந்தேன். கடல் பக்கமிருந்து காற்று, கூடவே நிலக்கரித் தூசி.

முன்னால் காதர் பாய் வண்டி. வண்ணாரப்பேட்டைக்காரர், என்னைவிட மூத்தவர், நிதானமானவர். பின்னால் தேசிங்கு, வாய் ஓயாதவன். நல்ல ஜோடிக்கு நடுவில்தான் மாட்டியிருக்கிறேன். நாளைக்குள் உள்ளே போய் இறக்கிவிட்டால் வியாழன் ஃப்ரீ.

காதில் விழுந்தது, டீ விற்கிற அம்மா யாரிடமோ: "லைனு போவலன்னா எனுக்கு ஏவாரம், போச்சின்னா உனுக்கு ஏவாரம். சாமி யார் பேச்சத்தான் கேக்கும்?"

வெள்ளைச் சட்டை அயர்ன் பண்ணக் கொடுத்தாயா என்று வளர்மதிக்கு போன். கொடுத்தாச்சாம். மூன்று தடவை போன் பண்ணி இதையே கேட்கிறேனாம்.

மார்ச் 4, புதன்

நகரவில்லை. காலையிலிருந்து ஒரே மரத்து நிழல். அது நிழலும் இல்லை, மரமும் மொட்டை.

உள்ளே ஏதோ மிஷின் ரிப்பேர் என்கிறான் ஒருவன். சர்வர் என்கிறான் இன்னொருவன். எதுவாக இருந்தாலும் நாளைக்குள் உள்ளே போக முடியாது. அது மட்டும் நிச்சயம்.

சாவி கொடுக்க வேண்டும். ஆனால் என்ன சொல்லிக் கொடுப்பது? மகள் பரிசுக்குப் பேசப் போகிறாள், பார்க்கப் போகணும் என்றா? போன மாதம் காதர் பாய் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பாய் இதே லைனில் இருந்தார். போயிட்டு வா பாய், நான் பார்த்துக்கிறேன் என்று நான்தான் சொன்னேன். அவர் போகவில்லை. "சந்தோசத்துக்கெல்லாம் சாவி குடுத்தா லைனு இன்னாத்துக்கு ஆவும்?" என்று சொல்லிவிட்டு, செல்போனில் பெண்ணின் போட்டோவைப் பார்த்துக்கொண்டு வண்டியிலேயே இருந்தார். அந்த மனிதனிடம் போய் இதைக் கேட்பதா?

இரண்டு தடவை அவர் வண்டி வரை போனேன். ஒரு தடவை தண்ணீர் கேட்டுத் திரும்பினேன். என்னிடமே ஒரு கேன் தண்ணீர் இருந்தது.

மூன்றாவது தடவை வாயில் வந்தது, பெரியப்பா தவறிட்டார் என்று. திருத்தணிப் பெரியப்பா. அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. செத்தவரையே இன்னொரு தடவை சாகடித்தேன்.

பாய் ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டினார். சாவியை வாங்கிக்கொண்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து என் வண்டிக் கண்ணாடியில் கட்டினார். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார். தேசிங்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றான். தேசிங்கு பேசாமல் நின்று இதுவரை நான் பார்த்ததில்லை.

ஷேர் ஆட்டோவில் எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது. ரோடு சரியில்லை.

மார்ச் 5, வியாழன், காலை

குளித்தாயிற்று. சட்டை மொடமொடவென்று இருக்கிறது.

யசோ தூங்கி எழுந்து என்னைப் பார்த்ததும் முகம் அப்படி மலர்ந்தது. உடனே, ஆராய்ச்சிக்காரி இல்லையா, லைன் நகரவே இல்லையே என்றாள். போனில் டிராஃபிக் மேப் பார்த்திருக்கிறாள்.

"நைனா, இன்னா காரணம் சொல்லி சாவி குடுத்த?"

அவளிடம் பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. பேப்பர் கட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். கடைசி வரியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். காப்பி ஆறி ஏடு கட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவர்கூட இல்லை என்று எழுதியிருக்கிறாள். இப்போது ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவர், அவள் பேசுவதைக் கேட்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்.

உனக்கும் எனக்கும்தான் தெரியும், அப்படியே படித்துவிடு என்றேன். எனக்குத் தெரியுமே நைனா என்றாள்.

வளர்மதி எனக்குத் தோசை வைத்தாள், இரண்டாவது கேட்காமலே நிறுத்திவிட்டாள். "ஊர்ல எத்தினியோ பேரு கீறாங்கோ. பொய்ய ஆரம்பிச்சி வெக்கிறதுக்கு எம்பொண்ணோட அப்பன்தான் கெடச்சானா" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

கிளம்ப வேண்டும்.

மார்ச் 5, சாயங்காலம்

எழுதிவிட வேண்டும், வார்த்தை மறப்பதற்குள்.

கல்லூரி ஹால். மேலே உயரத்தில் ஃபேன்கள், நீளக் கம்பியில். சுவரெல்லாம் பழைய போட்டோ. மர நாற்காலி வழுவழுவென்று. செருப்பை வெளியே விடப் போனேன், வளர்மதி முழங்கையால் இடித்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

நடுவர்கள் மூன்று பேர். நடுவில் ஒரு அம்மா, வெளியூர்ப் பல்கலைக்கழகமாம், நரைத்த குட்டை முடி, மூக்குக் கண்ணாடி சங்கிலியில். அவர் முன்னால் எல்லாப் பிள்ளைகளுக்கும் குரல் நடுங்கியது. முதலில் ஒரு பையன், அபார்ட்மென்ட் சங்கங்களைப் பற்றி. நன்றாகத்தான் பேசினான். லிஃப்டில் யார் யார் ஏறலாம் என்று கூட்டம் போட்டுத் தீர்மானிக்கிறார்களாம். கேட்கவே வேடிக்கையாக இருந்தது, பிறகு வேடிக்கையாக இல்லை.

அடுத்தது யசோ.

என் வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று கத்துகிற குரல் அது இல்லை. நிறுத்தி நிறுத்திப் பேசினாள். எக்ஸ்பிரஸ் ரோடு, டிரெய்லர், துண்டு, சாவி. எங்கள் அழுக்குத் துண்டைப் பற்றி அந்த ஹாலில் மூன்று பேராசிரியர்கள் பேனாவைப் பிடித்துக் குறிப்பு எடுத்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லைனில் எவ்வளவு காலம் நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூட யாரும் எங்களை இப்படிப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

அந்த வரி வரும் இடத்தில் அவள் நிறுத்தினாள். தாளை மேஜைமேல் வைத்தாள்.

"இந்த இடத்தில், பொய்யான துக்கத்தைச் சொல்லி ஒருவர்கூடச் சாவி கொடுத்ததில்லை என்று எழுதியிருக்கிறேன். நேற்று வரைக்கும் அது சரி. நேற்று ஒரு ஓட்டுநர் அப்படிக் கொடுத்தார். அதனால் இந்த வரியை எடுத்துவிடுங்கள்."

பக்கத்தில் வளர்மதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தாளா கிள்ளினாளா தெரியவில்லை.

நடுவர் அம்மா சாய்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் உங்கள் ஆய்வில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டார். குரலில் இரக்கமே இல்லை. அந்த அம்மா மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

யசோ மேஜைமேல் இருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"அவர் ஏன் பொய் சொன்னார் என்று யோசித்தேன், மேடம். அவருக்குத் துக்கம் இல்லை, சந்தோஷம் இருந்தது. அந்த லைனில் துக்கத்துக்குப் போக வழி இருக்கிறது. சந்தோஷத்துக்கு இல்லை. அது கேட்கக்கூடிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. இத்தனை மாதம் கூடவே இருந்தும் நானும் இதைக் கேட்கவில்லை. என் ஆய்வில் விட்டுப்போனது அதுதான்."

பொய் தெரிந்துவிட்டால் சாவி கொடுக்கும் வழக்கம் நிலைக்குமா, போகுமா என்று இன்னொரு நடுவர் கேட்டார். தெரியாது சார் என்றாள். யார் அந்த ஓட்டுநர் என்றும் கேட்டார். தகவல் தந்தவர்களின் பெயரைச் சொல்வதில்லை என்று ஆய்வு விதி இருக்கிறது, அதனால் சொல்ல முடியாது என்றாள். சொல்லும்போது எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

தகவல் தந்தவர். கடைசி வரிசையில் மடியில் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவமானம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. அந்த ஹாலில் அவளுக்குப் பக்கபலம் யாருமில்லை. நான் வைத்த குழியை அவளே எல்லோருக்கும் காட்டி, அதற்குள் இறங்கி நின்று, அங்கிருந்தே பேசினாள். இவளா நான் ஸ்கூலுக்கு சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போன பெண்?

முடிவு அடுத்த வாரம். வெளியே வந்ததும், பரிசு அந்தப் பையனுக்குத்தான், நன்றாகப் பண்ணினான் என்றாள். கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என்னிடம் தந்தாள்.

மார்ச் 6, வெள்ளி

லைனுக்குத் திரும்பினேன். லேசான மேகம், மழை இல்லை.

என் வண்டி எர்ணாவூரில் இல்லை, ரொம்ப தூரம் நகர்ந்திருந்தது. கே.வி.கே. குப்பம் தாண்டி, கண்ணாடியில் துண்டோடு. பாய் இரண்டு வண்டியையும் இழுத்து வந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது. நான் நடந்து போகும்போது முகம் தெரியாத டிரைவர் ஒருவன் பாட்டை நிறுத்தினான். அந்தப் பாட்டு நின்றதை என்னால் தாங்க முடியவில்லை.

பாயிடம் சொல்லிவிட்டேன். தேசிங்கும் பக்கத்தில் நின்றான். பெரியப்பா இல்லை, மகள் பேசப் போனாள், அதைப் பார்க்கப் போனேன் என்று.

தேசிங்குதான் வெடித்தான். "சாவ வெச்சா வெளாடுவ? நாளிக்கி எவனாச்சும் எங்கம்மா செத்துட்டான்னா நா இன்னான்னு நம்புறது?" நியாயம்.

பாய் துண்டை அவிழ்த்தார். உதறினார். தோளில் போட்டுக்கொண்டு தன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். நாலு திட்டு திட்டியிருந்தால் பரவாயில்லை.

லைனை விட்டு வண்டியை வெளியே எடுத்து, யு டர்ன் போட்டு, திரும்பக் கடைசியில் போய் நின்றேன். யாரும் சொல்லவில்லை. என்னால்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. முதலாளி போனில் பிடி பிடியென்று பிடித்தார். டயர் பஞ்சர் என்றேன். இன்னொரு பொய்.

மார்ச் 8, ஞாயிறு

உள்ளே ரிப்பேர் சரியாகி லைன் ஓடியது, நேற்று இறக்கியாயிற்று. இன்று மறுபடி லோடு. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

லைனில் கேட்டது. ஒரு சின்னப் பையன், புது டிரைவர், அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று முன் வண்டிக்காரனிடம் சாவி நீட்டினான். அந்த ஆள் சாவியை வாங்காமல், "நெசமாவா?" என்றான். பையன் செல்போனை எடுத்து ஏதோ போட்டோ காட்டினான். அப்புறம்தான் வாங்கினான்.

நெசமாவா. இந்த லைனில் அந்தக் கேள்வி இதற்கு முன் என் காதில் விழுந்ததே இல்லை. அதற்குள் இவ்வளவு தூரம் பரவிவிட்டது. யசோவிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுதுவாள். எழுதட்டும், ஆனால் இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது.

மத்தியானம் சாப்பிடவில்லை. தயிர்சாதம் புளித்துப்போனது.

மார்ச் 11, புதன்

காலையில் நல்ல காற்று. கல்மண்டபம் தெரிகிற தூரத்தில் நிற்கிறேன். காசிமேட்டு மீன் வாசனை.

பின்னால், மூன்று வண்டி தள்ளி, காதர் பாய். நேற்றிலிருந்தே தெரியும். நானும் இறங்கிப் போகவில்லை, அவரும் வரவில்லை.

இப்போது நடந்து வந்தார். வழியில் மூன்று டிரைவர்களைத் தாண்டி என் கதவுக்கு வந்து நின்றார். பொண்ணு என்ன ஆச்சு என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை பாய் என்றேன். தலையாட்டினார். பாக்கெட்டில் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி, காரணத்தைச் சொன்னார். சத்தமாகவே சொன்னார், தேசிங்கு பேசுவது மாதிரி, நாலு பேர் காதில் விழுகிறபடி. சொல்லிவிட்டு, கூச்சத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கம் வேகமாக நடந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என்னிடம், நீ முதலில் உன் வண்டியை நகர்த்து, அதுவரை பாய் இடத்தில் யாரும் புகாமல் நான் பார்த்துக்கிறேன் என்றான்.

சாவியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நிற்கும்போது யசோ போன். மூச்சு வாங்கினாள்.

"கெடச்சிடுச்சி நைனா."

திரும்பச் சொல் என்றேன். திரும்பச் சொன்னாள். பரிசு அவளுக்குத்தான். அந்த நரை முடி அம்மா கைப்பட எழுதியிருக்கிறாராம், எடுக்கச் சொன்ன வரியை எடுக்க வேண்டாம், அதன் கீழே வியாழக்கிழமை சொன்னதையும் சேர்த்து எழுது என்று. எம்.ஏ. ஃபீஸ். வடக்கே ரயில். அவளுக்கு ஸ்வெட்டர் கிடையாது. கோடையில் எதற்கு ஸ்வெட்டர்? என்னென்னவோ தோன்றியது. அழுதேன். நடு ரோட்டில், லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க.

அப்புறம் என்னையறியாமல், காதர் பாய் இப்போதுதான் சாவி கொடுத்துவிட்டுப் போனார் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் நோட்டு புரட்டுகிற சத்தம். பரிசைக்கூட மறந்துவிட்டாள் போல.

"நைனா, அவரு இன்னா சொன்னாரோ அத்த வார்த்த மாறாம சொல்லு. மெதுவா. எழுதிக்கிறேன்."

சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"எம்.சி. ரோட்ல எம்பொண்ணு நிக்காஹ்வுக்குப் பொடவ எடுக்குறாங்கோ. நா பக்கத்துல நிக்கணும். எவன் கேட்டாலும் இத்தையே சொல்லு அன்பு. கூட்டியும் சொல்லாத, கொறச்சியும் சொல்லாத."

லைன் நகர்கிறது. முதலில் என் வண்டி, அப்புறம் ஓடிப்போய் அவருடையது.